பகடி: சொல்லும் அதன் எல்லையும்

பகடி என்பது ஓர் இலக்கியப் படைப்பின் அல்லது ஓர் இலக்கிய வகையின் நடையையும் அமைப்பையும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்குப் பொருந்தாத பொருளை உள்ளே வைத்து நகைப்பை உண்டாக்கும் எழுத்துமுறை. ஐரோப்பிய விமர்சனத்தில் பாரடி எனப்படுவதற்கு இணையாகத் தமிழ் விமர்சகர்கள் இச்சொல்லை ஆள்கின்றனர். கேலிப்போலி, நையாண்டிப்போலி என்றும் சொல்வதுண்டு. ஆனால் இன்று பகடி என்ற சொல் கிண்டல், நக்கல், அங்கதம் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக வழங்குகிறது. எதைப் பார்த்துச் சிரித்தாலும் அது பகடி என்று சொல்லப்படுகிறது.

இந்தப் பொதுமைப்படுத்தலால் ஓர் இழப்பு உண்டு. ஓர் எழுத்துமுறையைப் போலிசெய்வதும் ஒரு மனிதக்கூட்டத்தைப் போலிசெய்வதும் ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன. முதலாவது இலக்கியச் செயல்பாடு. இரண்டாவது பெரும்பாலும் இழிவுசெய்தல். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை எங்கே இருக்கிறது, அது எப்படி அழிகிறது என்பதைத் தென்காசி, நெல்லைப் பகுதியின் இலக்கியங்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

பாரடி என்ற சொல்லின் மூலம் கிரேக்கம். ‘பாரா’ என்றால் அருகில் அல்லது எதிரில். ‘ஓடே’ என்றால் பாட்டு. ஒரு பாட்டின் பக்கத்தில் நின்று பாடும் இன்னொரு பாட்டு என்று பொருள் கொள்ளலாம். அரிஸ்டாட்டில் தன் கவிதையியல் நூலில், தாசோஸ் தீவைச் சேர்ந்த ஹெகெமோன் என்பவரைப் பகடிகளை முதலில் இயற்றியவராகக் குறிப்பிடுகிறார். ஹோமரின் வீரகாவிய நடையில் தவளைகளுக்கும் எலிகளுக்கும் நடந்த போரைப் பாடும் கிரேக்கச் சிறுகாவியம் இவ்வகையில் பழைய முன்மாதிரிகளில் ஒன்று.

தமிழில் பகடி என்பது பேச்சுவழக்குச் சொல். கேலி, பரிகாசம் என்று பொருள். தென்மாவட்டங்களில் ‘பகடி பண்ணுதல்’ என்ற வழக்கு உண்டு. ஈழத்தில் இச்சொல் ‘பகிடி’ என்று வழங்குகிறது. அங்கே அது நகைச்சுவைத் துணுக்கையும் குறிக்கும், விளையாட்டுப் பேச்சையும் குறிக்கும். பேச்சுவழக்கில் இச்சொல்லுக்குப் போலிசெய்தல் என்ற பொருள் கட்டாயமில்லை. விமர்சகர்கள் அதைக் கலைச்சொல்லாக்கியபோது போலிசெய்தல் என்ற பொருளைச் சேர்த்துக்கொண்டனர். இரு பொருள்களும் ஒன்றோடொன்று கலந்தே இருப்பதுதான் இன்றைய குழப்பத்திற்கு ஒரு காரணம்.

‘போலி’ என்ற சொல்லையும் கவனிக்கவேண்டும். தமிழ் இலக்கணத்தில் போலி என்பது குறைபாடு அல்ல. பந்தல் என்பது பந்தர் என்றும், ஐந்து என்பது அஞ்சு என்றும் வருவது போலி. அங்கே எழுத்து மாறுகிறது, பொருள் மாறுவதில்லை. பகடியில் நிகழ்வது இதற்கு நேர்த்தலைகீழ். எழுத்து, அதாவது வடிவம், மாறுவதில்லை. பொருள் மாறிவிடுகிறது. பகடியை மாணவர்கள் நினைவில் கொள்ள இந்த ஒப்பீடு உதவும்.

அங்கதமும் பகடியும்

தொல்காப்பியம் செய்யுளியலில் அங்கதத்தைப் பேசுகிறது. வெளிப்படையாக வசைபாடுவதைச் செம்பொருள் அங்கதம் என்றும், பழியை மறைத்துச் சொல்வதைப் பழிகரப்பு அங்கதம் என்றும் இரண்டாகப் பிரிப்பது மரபு. மெய்ப்பாட்டியல் நகைச்சுவைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. இவற்றில் எதுவும் வடிவத்தைப் போலிசெய்வதைப் பற்றிப் பேசவில்லை.

ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்று அவனுடைய படைக்கலங்களைப் பற்றிப் பாடிய புறநானூற்றுப் பாடல் பழிகரப்புக்குப் புகழ்பெற்ற உதாரணம். தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டி, காவல் மிக்க மனையில் இருக்கின்றன. அதியமானின் ஆயுதங்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. பாராட்டுப் போலத் தோன்றினாலும் தொண்டைமான் போர் காணாதவன் என்பதே செய்தி. இது அங்கதம், ஆனால் பகடி அல்ல. ஔவையார் வேறெந்தப் பாடலையும் இங்கே போலிசெய்யவில்லை.

ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் சம்ஸ்கிருதத்தில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனமும் அவ்வாறே. காபாலிகனும் பௌத்தத் துறவியும் ஒரு கபாலத்துக்காகச் சண்டையிடும் அந்த நாடகம் காஞ்சியின் சமயவாதிகளைக் கேலிசெய்கிறது. கேலியின் இலக்கு மனிதர்களின் பொய்ம்மை.

சுருக்கமாக, அங்கதத்திற்கு ஓர் இலக்கு போதும். பகடிக்கு இலக்கோடு ஒரு மூலமும் வேண்டும். வாசகனுக்கு அந்த மூலம் தெரிந்திருக்கவும் வேண்டும். பக்கத்தில் நிற்கும் பாட்டைக் கேட்பவனுக்கு முதல் பாட்டும் காதில் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த நிபந்தனையில்தான் பகடியின் ஆற்றலும் ஆபத்தும் இருக்கின்றன.

தமிழில் பகடியின் மூன்று வழிகள்

தமிழ் மரபில் பகடி பெரும்பாலும் சிற்றிலக்கியங்களை ஒட்டியே வளர்ந்தது. சிற்றிலக்கியங்களின் உறுப்புகளும் வரிசைமுறையும் வகுக்கப்பட்டவை. வகுக்கப்பட்ட வடிவம் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். எல்லாருக்கும் தெரிந்த வடிவத்தைத்தான் பகடி செய்ய முடியும்.

முதல் வழி, உயர்ந்த வடிவத்தில் எளிய பொருளை வைப்பது. தூது இலக்கியத்தில் அன்னம், கிளி, மேகம், நெஞ்சு, தமிழ் ஆகியவை தூது சென்றன. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்பினார். தூதுப்பொருளுக்கு உயர்குலப் பிறப்பு சொல்லவேண்டும் என்பது மரபு. புலவர் மும்மூர்த்திகளிடமும் ஆளுக்கொரு இலையைக் கொடுக்கிறார். சிவனுடைய வில்வமும் திருமாலின் துளசியும் நீரோடு போய்விடுகின்றன. பிரமனிடம் இருந்த இலை மட்டும் போகாமல் நிற்கிறது. அந்தப் போகாத இலையே புகையிலை என்று பெயர்க்காரணம் சொல்லப்படுகிறது. தலபுராணங்கள் ஊர்ப்பெயர்களுக்குக் காரணக்கதை கட்டும் முறை இங்கே அப்படியே போலிசெய்யப்படுகிறது. இதில் யாரும் புண்படுவதில்லை. வடிவத்தின் மேல் உள்ள செல்லமே இதன் ஊற்று.

இரண்டாவது வழி, வடிவத்தைக் கருவியாக்கி வேறொரு இலக்கைத் தாக்குவது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம் இதற்குத் தமிழில் கிடைக்கும் மிகச்சிறந்த உதாரணம். மான்மியம் என்பது ஒரு தலத்தின் அல்லது தெய்வத்தின் பெருமையைச் சொல்லும் நூல்வகை. கவிமணி நாஞ்சில்நாட்டு வேளாளர்களின் சொத்துரிமை முறைக்கு மான்மியம் பாடினார். சொத்து மகனுக்குச் செல்லாமல் சகோதரியின் மகனுக்குச் செல்லும் அம்முறையில் கணவன் இறந்தால் மனைவியும் பிள்ளைகளும் வழியற்று நிற்கவேண்டும். ஐந்து திருமணம் செய்த பஞ்சகல்யாணிப் பிள்ளையின் ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே சொல்வதாக நூல் அமைந்துள்ளது. நூல் படலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றில் ஒன்றின் பெயர் குலமுறை கிளத்து படலம். கம்பராமாயண பாலகாண்டத்தில் இராமனின் குலப்பெருமையை விசுவாமித்திரர் சனகனுக்குச் சொல்லும் படலத்தின் பெயர் அது. இராமனின் குலமுறை ஒலித்த தலைப்பின்கீழ் ஒரு கைம்பெண்ணின் குடும்ப வரலாறு வருகிறது. இன்னொரு படலம் மாமி அரசியற் படலம். அரசியல் என்ற பெருஞ்சொல் அடுக்களைக்கு வருகிறது.

இந்நூலில் கவிமணி மான்மியம் என்ற வடிவத்தைக் கேலிசெய்யவில்லை. கம்பனையும் கேலிசெய்யவில்லை. அவற்றின் பெருமிதத்தைக் கடன்வாங்கி, பெருமிதத்திற்கு இடமே இல்லாத ஒரு வழக்கத்தின்மேல் ஏற்றுகிறார். வடிவம் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு கடுமையாக அடி விழுகிறது. 1917-18ல் பத்திரிகையில் தொடராக வந்த காலத்தில் நாஞ்சில்நாட்டில் மருமக்கள்வழிக்கு எதிரான குரல்கள் ஏற்கெனவே எழுந்திருந்தன. 1926ல் திருவிதாங்கூரில் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. சட்டத்துக்குக் காரணம் இந்த நூல் மட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு பகடிநூல் ஒரு சமூக மாற்றத்தின் பகுதியாக நின்றது என்று சொல்லலாம்.

மூன்றாவது வழி, வடிவத்தையே இலக்காக்குவது. பாரதியின் முற்றுப்பெறாத சின்னச் சங்கரன் கதை இவ்வகை. கவுண்டனூர் ஜமீன்தார் ராமசாமிக் கவுண்டர், அவரைச் சுற்றி அமர்ந்து பாடும் புலவர் கூட்டம், சிருங்காரச் செய்யுட்களை மனப்பாடம் செய்து கவிஞனாகிவிட நினைக்கும் சிறுவன் சங்கரன் என்று கதை செல்கிறது. பாரதி இளமையில் கண்ட எட்டயபுரம் அரண்மனையின் சாயல் அதில் உண்டு. ஜமீன்தாரின் நீண்ட விருதுப்பெயர்களும், புலவர்களின் பாராட்டுமொழியும் மிகையின்றி அப்படியே எழுதப்பட்டாலே போதும், சிரிப்பு வந்துவிடும் என்று பாரதி கண்டுகொண்டார்.

இதே பாரதி 1918 முதல் 1920 வரை இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள கடையத்தில் வாழ்ந்தார். 1919ல் அங்கிருந்து எட்டயபுரம் அரசருக்குச் சீட்டுக்கவி எழுதினார். புலவன் புரவலனுக்கு அனுப்பும் அந்தப் பழைய வடிவத்தை எந்தக் கேலியும் இல்லாமல், முழுப் பெருமிதத்தோடு கையாண்டார். எந்த அரண்மனைக் கவிமரபை அவர் எள்ளினாரோ அதே மரபின் வடிவத்தில் தன்னை நிறுத்திக்கொண்டார். இதில் முரண்பாடு இல்லை. பகடி செய்பவன் வடிவத்தை உள்ளிருந்து அறிந்தவன். தன் கைக்கு அடங்கிய வடிவத்தையே ஒருவன் திருப்பிப்போட முடியும்.

புதுமைப்பித்தனிடம் இம்மூன்று வழிகளும் கலந்து வருகின்றன. ‘திரு ஆங்கில அரசாங்கத் தொண்டரடிப்பொடியாழ்வார் வைபவம்’ என்ற தலைப்பே ஒரு பகடி. ஆழ்வார் சரித நூலின் பெயர்வடிவம் அரசாங்க விசுவாசிக்குச் சூட்டப்படுகிறது. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில், இறைவன் மனிதவடிவில் வந்து அடியவனைச் சோதிக்கும் திருவிளையாடல் அமைப்பு தலைகீழாகிறது. சென்னையின் வீதிமுனையில் வந்து நிற்கும் கடவுளைக் கந்தசாமிப் பிள்ளை சோதிக்கிறார். தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராக்கவும் பார்க்கிறார்.

குற்றாலக் குறவஞ்சி: உவமையின் பகடி

புளியங்குடி மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள ஊர். இங்கிருந்து தெற்கே கடையநல்லூர், தென்காசி வழியாகக் குற்றாலம் செல்லலாம். கிழக்கே சங்கரன்கோவிலைத் தாண்டிச் சென்றால் எட்டயபுரம். இப்பகுதியின் மாணவர்கள் பள்ளிப்பாடத்திலேயே அறிந்திருக்கும் நூல் திருக்குற்றாலக் குறவஞ்சி. தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டில் இதை இயற்றினார். சந்தநயத்துக்காகவும் மலைவளத்துக்காகவும் இந்நூல் பாராட்டப்படுகிறது. இதற்குள் நுட்பமான ஒரு பகடி அமைந்திருப்பது அதிகம் பேசப்படுவதில்லை.

நூலின் முதற்பகுதியில் தலைவி வசந்தவல்லி அறிமுகமாகிறாள். கூந்தலில் தொடங்கி கீழ்நோக்கி அவள் அழகு சொல்லப்படுகிறது. கூந்தலுக்கு மேகம் என்பது போல ஒவ்வோர் உறுப்புக்கும் மரபான உவமைகள் வருகின்றன. அவள் குற்றாலநாதர்மேல் காதல்கொண்டு நிலவையும் தென்றலையும் நொந்துகொள்கிறாள். அகமரபும் உலாமரபும் வகுத்த பாதை இது. பிறகு குறத்தி சிங்கி வருகிறாள், மலைவளம் சொல்கிறாள், குறி சொல்கிறாள், பரிசு பெறுகிறாள்.

நூலின் பிற்பகுதியில் அவள் கணவன் சிங்கன் வருகிறான். பறவை பிடிக்க வந்தவன் சிங்கியைக் காணாமல் ஏங்குகிறான். வசந்தவல்லிக்குத் தோழி இருந்ததுபோல இவனுக்கு நூவன் இருக்கிறான். தலைவியின் விரகம் வேடனின் விரகமாகத் திரும்ப நிகழ்கிறது. கடைசியில் சிங்கியைக் கண்டதும் அவள் அணிந்திருக்கும் நகைகளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவன் கேள்வி காலில் தொடங்கி மேல்நோக்கிச் செல்கிறது. வசந்தவல்லியின் வருணனை சென்ற திசைக்கு எதிர்த்திசை இது.

சிலம்பைப் பார்த்து விரியன் பாம்பு என்கிறான். பாடகத்தைப் பார்த்து நெளியும் நாங்கூழ்ப்புழு என்கிறான். அரைஞாணைச் சாரைப்பாம்பு என்கிறான். முத்தாரத்தைக் கொப்புளம் என்கிறான். காட்டில் வாழ்பவனின் அறியாமை என்று இதைச் சிரித்துக் கடந்துவிடலாம். பெரும்பாலான உரைகள் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் முதற்பகுதியோடு சேர்த்து வாசித்தால் வேறொன்று தெரிகிறது. கவிஞர்கள் பெண்ணுடலையும் அணிகலனையும் இயற்கைப் பொருள்களோடு ஒப்பிடுவது மரபு. அல்குலுக்குப் பாம்பின் படம் உவமையாக வருவது தமிழ்க்கவிதையில் சாதாரணம். கவிஞர் ‘பாம்பு போன்றது’ என்கிறார். சிங்கன் ‘பாம்பு’ என்கிறான். ‘போல’ என்ற உவமஉருபை நீக்கிவிட்டால் மரபான வருணனை எவ்வளவு விசித்திரமாக இருக்கும் என்பதைச் சிங்கன் காட்டுகிறான். பகடி செய்யப்படுவது உவமைமரபு.

சிங்கியின் பதில்களும் கவனத்துக்குரியவை. சேலத்து நாட்டில் குறிசொல்லிப் பெற்றது, பாண்டியனார் மகள் தந்தது, கண்டி தேசத்தில் பெற்றது, நெல்வேலியார் தந்த சேலை, காயல்காரர்கள் தந்த முத்தாரம் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஊரைச் சொல்கிறாள். சிங்கனின் கேள்விகள் மரபைப் பகடிசெய்கின்றன. சிங்கியின் பதில்கள் ஒரு பெண் தன் தொழிலால் ஈட்டியவற்றின் கணக்காக உள்ளன. உயர்குடித் தலைவி காதலில் வாடி வீட்டிலிருக்கும் அதே நூலில், குறத்தி ஊர் ஊராகச் சென்று உழைத்து நகை பூண்டு நிற்கிறாள். நகைப்புக்குரிய பாத்திரமாக அறிமுகமாகிறவர்கள் இறுதியில் நூலின் உயிருள்ள மனிதர்களாகிவிடுகிறார்கள்.

மூலம் மறக்கப்படும்போது

மேற்சொன்ன வாசிப்பு சாத்தியமாக ஒரு நிபந்தனை உண்டு. கேட்பவருக்குக் கேசாதிபாத வருணனை தெரிந்திருக்க வேண்டும். உலாவும் அகமரபும் தெரிந்திருக்க வேண்டும். கவிராயரின் காலத்துக் கோயில்சபையில் அமர்ந்திருந்தவர்களுக்கு அவை தெரியும். எனவே சிங்கன் பேசும்போது அவர்கள் காதில் வசந்தவல்லியின் பாட்டும் சேர்ந்து ஒலித்தது.

இந்த மூலம் மறக்கப்பட்டால் என்ன எஞ்சும்? வசந்தவல்லி நீங்கிவிட்டால், உவமைமரபு நீங்கிவிட்டால், மேடையில் மிச்சமிருப்பது ஒரு குறவனும் குறத்தியும் மட்டுமே. அவர்களுடைய அறியாமையும் காமமும் மட்டுமே. அப்போது சிரிப்பு வேறெங்கும் செல்ல வழியில்லாமல் அவர்கள்மேல் விழுகிறது.

தென்மாவட்டக் கோயில்கொடைகளில் கரகாட்டத்தோடு நையாண்டி மேளம் முழங்க ஆடப்பட்ட குறவன் குறத்தி ஆட்டத்தில் இதுதான் நிகழ்ந்தது. குறவஞ்சி இலக்கியத்திலிருந்துதான் இந்த ஆட்டம் பிறந்தது என்று நேர்க்கோடு போடத் தேவையில்லை. இரண்டுக்கும் பொதுவான நாட்டார் வேர்கள் இருக்கலாம். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. நூலில் ஒரு மரபைப் போலிசெய்யும் பாத்திரங்களாக இருந்தவர்கள், ஆட்டத்தில் போலிசெய்யப்படும் சமூகமாக ஆகிவிட்டனர். இரட்டைப்பொருள் வசனங்களும் ஆபாச அசைவுகளும் சேர்ந்தன. அந்தப் பெயருக்குரிய சமூகத்தினர், தங்களுக்கு இந்த ஆட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை என்றும், தங்கள் பெயர் இழிவுசெய்யப்படுகிறது என்றும் தொடர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை வழக்கு சென்றது. 2023ல் தமிழக அரசு அந்த ஆட்டத்துக்குத் தடைவிதித்தது.

தடை சரியா என்ற விவாதத்தில் இருதரப்பும் உண்டு. ஆடிப் பிழைத்த கலைஞர்களின் வாழ்வாதாரம் பெரிய கேள்வி. ஆனால் இலக்கிய மாணவருக்கு அந்த நிகழ்ச்சி ஒரு விமர்சன உண்மையைக் கற்பிக்கிறது. ஒரு வடிவத்தின் மேல் இருந்த கேலி, வடிவம் மறைந்ததும் ஆளின் மேல் இறங்கிவிடும்.

இதற்கு மறுப்பாக ஓர் உதாரணம் சொல்லப்படலாம். செர்வாண்டிஸின் டான் குயிக்ஸாட் (1605, 1615) அக்காலத்து வீரசாகசக் கதைகளின் பகடி. அந்தக் கதைகளை இன்று ஏறத்தாழ யாரும் வாசிப்பதில்லை. மூலம் மறக்கப்பட்ட பின்னும் நாவல் நானூறு ஆண்டுகளாக வாழ்கிறது. ஆனால் அது வாழ்வது பகடியாக அல்ல. குயிக்ஸாட் வெறும் கேலிப்பொருளாக இல்லாமல் முழுமனிதனாக வளர்ந்ததால்தான் மூலத்தின் துணையின்றி நிற்கிறான். சிங்கியும் நூலுக்குள் அப்படி நிற்கிறாள். ஆட்டத்தில் அந்தச் சிங்கி இல்லை. அவளுடைய ஊர்களும் தொழிலும் இல்லை. எனவே மறுப்பு இக்கருத்துக்கு வலுவே சேர்க்கிறது.

பேச்சைப் போலிசெய்தல்

இதே சிக்கல் வட்டாரவழக்கிலும் உண்டு. தமிழ்த் திரைப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் நெல்லைத் தமிழ் பலகாலம் நகைச்சுவைக்கான மொழியாக இருந்தது. ‘ஏலே’ என்று இழுத்துவிட்டால் போதும், அரங்கம் சிரிக்கும். புளியங்குடியிலோ கடையநல்லூரிலோ யாரும் அந்த இழுவையில் பேசுவதில்லை. ‘ஏலே’ என்பது இங்கே வயதும் உறவும் அறிந்து, இளையவரிடமோ ஒத்த வயதினரிடமோ மட்டும் ஆளப்படும் விளி. திரையில் அது யாரிடமும் சொல்லப்படுகிறது. அந்த நகைச்சுவையைப் பகடி என்று பாராட்டுவது சரியல்ல. அங்கே போலிசெய்யப்படும் இலக்கியவடிவம் எதுவும் இல்லை. ஒரு மக்கள்கூட்டத்தின் நாக்குதான் போலிசெய்யப்படுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க 2010ல் வெளிவந்த ‘தமிழ்ப்படம்’ திரைப்படத்தை எடுத்துக்கொள்ளலாம். அது நட்சத்திர நாயகப் படங்களின் வழக்கமான காட்சிகளைப் போலிசெய்தது. நாயகனின் அறிமுகம், ஒரு பாட்டுக்குள் செல்வந்தனாவது ஆகியவை அப்படியே எடுத்தாளப்பட்டன. பார்வையாளர்களுக்கு மூலம் முழுமையாகத் தெரியும். அடி சூத்திரத்தின் மேல் விழுந்தது. கலைமதிப்பு எவ்வாறாயினும் அது வகையால் பகடி.

பேச்சைப் போலிசெய்வது எப்போதும் இழிவுசெய்தல் ஆவதில்லை. கோவில்பட்டி அருகே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் மக்களின் பேச்சைத் தன் கதைகளின் மொழியாக்கினார். கரிசல் வட்டார வழக்கு அகராதியைத் தொகுத்து 1982ல் வெளியிட்டார். அவர் கதைகளில் சிரிப்பு நிறைய உண்டு. அந்தச் சிரிப்பு பேச்சுக்குள்ளிருந்து வருகிறது. பேசுபவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

ஈழவழக்கு இந்த எல்லையைக் குறிக்க ஒரு சொல்லைத் தந்திருக்கிறது. பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர்கள் புதிய மாணவர்களைத் துன்புறுத்துவதை அங்கே ‘பகிடிவதை’ என்பார்கள். இலங்கையில் 1998ல் அதற்கு எதிராகத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. பகிடி என்று தொடங்குவது வதையாக முடியும் என்பதை அச்சொல் தனக்குள் வைத்திருக்கிறது. பகடி என்ற கலைச்சொல்லை ஆளும் தமிழக விமர்சனத்தில் இந்த இரண்டாம்பகுதியைச் சுட்டும் சொல் இல்லை. அதனால் வதையையும் பகடி என்றே எழுதிக் கடக்கிறோம்.

மதிப்பீடு

ஒரு படைப்பைப் பகடி என்று வகைப்படுத்தும் முன் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். இதற்கு மூலமாக உள்ள எழுத்துவடிவம் எது? சிரிப்பு யார்மேல் அல்லது எதன்மேல் விழுகிறது? முதற்கேள்விக்கு விடை இல்லையென்றால் அது கேலியாகவோ அங்கதமாகவோ இருக்கலாம், பகடி ஆகாது. விடை உண்டு என்றால் இரண்டாம் கேள்விக்குச் செல்லவேண்டும். புகையிலைவிடு தூதில் சிரிப்பு வடிவத்தின்மேல் விழுகிறது. மருமக்கள்வழி மான்மியத்தில் சொத்தைக் கையில் வைத்திருந்த காரணவர்கள்மேல் விழுகிறது. சின்னச் சங்கரன் கதையில் ஜமீன்தார்மேலும் அவரைப் பாடிய மரபின்மேலும் விழுகிறது. மூன்றிலும் அடிபட்டவை பதில்சொல்லும் வலிமையுள்ளவை.

இக்கேள்விகள் படைப்பின் தரத்தை அளக்கப் போதுமானவை அல்ல. மூலமும் சரியான இலக்கும் கொண்ட மோசமான பகடிகள் ஏராளமாக உள்ளன. ஆனால் ஒன்றை இன்னொன்றாகக் கருதும் பிழையை இவை தடுக்கும்.

பகடி மூலத்தை அழிப்பதாக ஒரு பொதுக்கருத்து உண்டு. குற்றாலக் குறவஞ்சி அதற்கு மாறானதைக் காட்டுகிறது. பகடி மூலத்தை நம்பி நிற்கிறது. அதை நினைவில் வைத்திருக்கும்படி வாசகனைக் கேட்கிறது. ஆகவே பழைய சிற்றிலக்கிய வடிவங்களைப் பாடத்திட்டத்தில் கற்பிப்பது மதிப்பெண்ணுக்கான சடங்கு மட்டுமல்ல. தூது, உலா, மான்மியம், கேசாதிபாதம் ஆகியவை தெரிந்த வாசகனுக்கே சீனிச்சர்க்கரைப் புலவரும் கவிமணியும் புதுமைப்பித்தனும் முழுமையாகச் சிரிப்பூட்டுவார்கள். அவை தெரியாத வாசகன் சிங்கனைப் பார்த்துச் சிரிப்பான். தெரிந்தவன் சிங்கனோடு சேர்ந்து சிரிப்பான்.